கடல் தாண்டி வந்த படப்பு

மணிராஜைச் சுடலைமாடன் காப்பாற்றினான் என்று முத்துப்பாறைக்குளம் முழுவதும் நம்பியது. அந்த நம்பிக்கையின் அடியில் ஒரு பொய் கிடக்கிறது என்று அறிந்தவன் ஊரில் ஒருவனே, அவன் மணிராஜ்.

தாமிரபரணியின் தென்கரையில், வாழைத் தோட்டங்களுக்கும் சுடுகாட்டுக்கும் இடைப்பட்ட மேட்டில் அந்தக் கோயில் இருந்தது. வைகாசி முதல் வெள்ளியில் கொடை, ஆண்டுத் திருவிழா. கொடைக்குச் சாராயம் வாங்கி வருவது மணிராஜின் குடும்பத்துக்கு உரிய வேலை. அதை மாடனாக நின்று முதலில் குடிப்பவர் அவனுடைய அண்ணன் பூதலிங்கம். அவர்தான் கோமரத்தாடி, சாமி வந்து ஆடுகிறவர். அவருக்குப் பிறகு மற்றவர்கள் ஆளுக்கு ஒரு மடக்கு வாங்கிக் குடிப்பார்கள். இதில் ஒரு விதி உண்டு. வாங்கப் போகிறவன் விற்கிறவன் முன்னாலேயே குடித்துப் பார்க்க வேண்டும். குடித்து, ஒரு பொழுது கழிந்து, கோமரத்தாடியின் கையைப் பிடித்து, "குடிச்சேன், நல்லாயிருக்கேன்" என்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் சாராயம் மாடன் முன் படைக்கும் படப்பில் ஏறும்.

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு தகப்பனார் இறந்து, வாங்கும் உரிமை முதன்முதலாக மணிராஜின் கைக்கு வந்தது. அந்த நேரம் பார்த்து மகள் தேன்மொழிக்கு வலிப்பு கண்டிருந்தது. விசாகம் வரைக்கும் ஒரு சொட்டுத் தொடுவதில்லை என்று திருச்செந்தூர் முருகனுக்கு அவன் மனத்துக்குள் நேர்ந்திருந்தான். மாலை போடவில்லை, பச்சை வேட்டி கட்டவில்லை. வாய்விட்டுச் சொன்னால் நேர்ச்சை பலிக்காது என்று மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. சாராயம் வாங்கும் வேலையைப் பங்காளி வீட்டில் ஒருவனிடம் விட்டிருக்கலாம். ஆனால் ஒருமுறை கைமாறிய உரிமை திரும்பி வந்ததாக அந்தக் கோயிலில் சரித்திரம் இல்லை. மணிராஜ் தானே போனான். பனங்காட்டுக்குள் இருந்து கேனைத் தூக்கி வந்த ஆள், கண்ணாடித் தம்ளரில் ஊற்றி நீட்டினான். மணிராஜ் அதை வாயருகே கொண்டுபோய், ஆள் திரும்பிய கணத்தில் மணலில் ஊற்றினான். மறுநாள் அண்ணன் கையைப் பிடித்துச் சொல்லவேண்டியதைச் சொன்னான்.

கொடையில் அந்தச் சாராயத்தைக் குடித்த ஏழு பேர் செத்தார்கள். பூதலிங்கத்துக்கு உயிர் நின்றது. கண் இரண்டும் போயின. விற்றவன் சிறைக்குப் போனான். குடித்துப் பார்த்தவன் மட்டும் ஒரு தலைவலிகூட இல்லாமல் நடமாடுகிறானே என்று ஊர் யோசித்தது; யோசித்து, இது மாடன் அருள் என்ற முடிவுக்கு வந்தது. ஆஸ்பத்திரியில் மாமன் மகனின் பிணத்தை வாங்க நின்ற ஒருவர், வரிசையிலிருந்து விலகி வந்து மணிராஜின் காலைத் தொட்டார். அன்றைக்கே அவன் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அடுத்த நாள் சொல்வது இன்னும் கடினமாக இருந்தது. நாற்பதாம் நாள் கழிந்தபோது, சொல்வதற்கு அவனிடம் வாக்கியமே இல்லாமல் போயிற்று. மனைவியையும் மகளையும் கல்லிடைக்குறிச்சியில் மாமியார் வீட்டில் விட்டுவிட்டு, கிடைத்த வேலைக்குப் பாரிசுக்குப் போனான்.

பாரிசில் அவனுக்கு வேலை கொடுத்தவன் கிங்ஸ்டன். உவரிக் கடற்கரைக் கிறிஸ்தவன். முருங்கைக்காய், கறிவேப்பிலை, சேனைக்கிழங்கு, பச்சைமிளகாய் எல்லாவற்றையும் ஒரு வெள்ளை வேனில் ஏற்றிக்கொண்டு, தமிழ்க்கடை இருக்கும் ஊருக்கெல்லாம் கொண்டுபோய் இறக்குகிற வியாபாரம். ஸ்டுட்கார்ட், சூரிச், லியோன், சில வேளை லிஸ்பன் வரைக்கும். கிங்ஸ்டன் ஓட்டுவான், மணிராஜ் ஏற்றி இறக்குவான். மொழி தெரியாத ஊர்களில் தன்னைப் பார்த்து ஒருவனும் கும்பிடுவதில்லை என்பது அவனுக்குப் போதுமானதாக இருந்தது.

இரண்டு ஆண்டுகள் கொடை நடக்கவில்லை. மூன்றாம் ஆண்டு ஐப்பசியில் அண்ணன் மனைவி சுடலைவடிவு போன் செய்தாள்.

"தம்பி, நேத்து வெள்ளிக்கிழமை பூசையில உங்க அண்ணனுக்குச் சாமி வந்துட்டு. கொடை கேக்குதாரு மாடன்."

"நடத்துங்க மதினி."

"நடத்தத்தான் போறாவ. ஆனா இந்த மண்ணுல காய்ச்சின சரக்கு எனக்கு வேண்டாம், கடல் தாண்டி வாறதக் கொண்டான்னு உத்தரவு. அதுவும் மணி கையால கொண்டான்னு. ஊரே கேட்டுக்கிட்டு நின்னுச்சு. கோயில் தலைவரு பரமசிவன் அண்ணாச்சி ஒடனே வரி பிரிக்க ஆரம்பிச்சிட்டாரு. அங்கன எல்லாம் முந்திரிப்பழச் சாறுல காய்ச்சுவாவளாமே?"

"முந்திரி இல்ல மதினி. திராட்சை."

"எதுவோ. நீங்க குடிச்சுப் பாத்து வாங்குங்க. ஒங்களுக்கென்ன, ஒங்கள மாடன் தொட மாட்டாரு."

மணிராஜ் போனை வைத்துவிட்டு வேனின் பின்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். மறுக்க அவனுக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. இருந்த ஒரே காரணத்தைச் சொல்ல முடியாது. பிறகு வேறொரு எண்ணம் வந்தது. இந்த முறை விதிப்படி செய்வோம். ஒரு மடக்கும் தவறாமல் குடித்து, காய்ச்சுகிறவனைக் கண்ணால் கண்டு, நல்லது என்று தெரிந்ததை வாங்கி, அண்ணன் கையில் உண்மையைச் சொல்லிக் கொடுப்போம். ஒருமுறை மெய்யாகச் சொன்னால், முன்பு சொன்ன பொய்யை அது மூடிவிடாதா? மூடும் என்று நம்புவதற்கு அவனுக்கு மிகுந்த தேவை இருந்தது.

அந்தக் குளிர்காலம் முழுவதும், காய்கறி இறக்கிய பிறகு காலியான வேனைத் திராட்சை ஊர்களுக்குள் திருப்பச் சொன்னான். ஜெர்மனியில் மோசல் ஆற்றங்கரையில் மலைச்சரிவே திராட்சைக் கொடியாக இருந்தது. பிரான்சின் தெற்கே நிலவறைகளில் மரப்பீப்பாய்கள் நெல் குதிர்களைப் போல அணிவகுத்து நின்றன. எங்கு போனாலும் முறை ஒன்றுதான்: சிறு கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றித் தருவார்கள்; வாயில் வைத்துச் சுழற்றிவிட்டு, ஓரத்தில் இருக்கும் வாளியில் துப்ப வேண்டும். எல்லாரும் துப்பினார்கள். பட்டுச் சட்டை போட்ட அம்மாள்கூட அழகாகத் துப்பினாள். மணிராஜ் மட்டும் விழுங்கினான்.

"துப்புலே" என்றான் கிங்ஸ்டன். "காலையில இருந்து எட்டுக் கிண்ணம். இப்படியே முழுங்கினா ஒன்னையும் சேனைக்கிழங்கு மூட்டையோட பின்னாடிதான் போட்டுட்டுப் போவணும்."

"துப்பினா குடிச்சதாகாது."

"எந்த வேதத்துல எழுதியிருக்கு?"

"எங்க கோயில்ல."

"நல்ல கோயில்வே. எங்க பூசையில சாமியார் ஒருத்தர் மட்டும் குடிக்குதாரு, நாங்க பாத்துக்கிட்டு முட்டங்கால் போடுதோம். நீங்க ஊரோட குடிக்கிய. ரெண்டு கோயிலும் சேர்ந்திருந்தா நாலு கப்பல் சரக்கு ஓடியிருக்கும்."

கிங்ஸ்டன் இப்படியே பேசிக்கொண்டு வருவான். மணிராஜ் சன்னலுக்கு வெளியே பார்ப்பான். இலையுதிர்ந்து கட்டையாக நிற்கும் கொடிகள், வரிசை பிசகாமல், மைல் கணக்கில். இந்தச் சீரும் சுத்தமும் தன்னுடைய காரியத்துக்குச் சாட்சி சொல்லும் என்று அவன் எண்ணிக்கொண்டான்.

பதினோரு இடங்களில் குடித்தும் அவன் வாங்கவில்லை. அந்தப் பதினோரு இடங்களிலும் விற்கிறவர் தான் குடிக்காமல் கிண்ணத்தை நீட்டிவிட்டு அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அது அவனைக் கலங்கடித்தது. போர்ச்சுகலில், டோரோ ஆற்றங்கரையில், பன்னிரண்டாவது ஆள் ஒரு கிழவர். பீப்பாயிலிருந்து இரண்டு கிண்ணத்தில் பிடித்தார். ஒன்றைத் தானே முதலில் குடித்தார். முழுவதும் குடித்துக் கிண்ணத்தைக் கவிழ்த்துக் காட்டிய பிறகே மற்றதை நீட்டினார். மணிராஜ் இரு கைகளாலும் அதை வாங்கினான். குடித்தான். மழை விழுந்த செம்மண் வாசனை; நடுநாக்கில் நாவல்பழத்தின் துவர்ப்பு; தொண்டையில் இறங்கிய பின்னும் சற்று நேரம் நின்ற ஒரு சூடு. மறுநாள் காலை வரைக்கும் வேனிலேயே கிடந்துவிட்டு, உடம்பில் ஒரு குறையும் இல்லை என்று கண்டு, நாற்பத்தெட்டு பாட்டில்களைத் தன் கண்முன்னால் அடைக்கச் சொன்னான். நான்கு பெட்டி. தூத்துக்குடிக்குக் கப்பல் ஏற்றினான்.

கிங்ஸ்டன் பெட்டியைத் தட்டிக்கொடுத்தான். "போயிட்டு வாங்கய்யா. மாடனுக்கு எங்க ஸ்தோத்திரத்தையும் சொல்லுங்க."

பெட்டி பங்குனி கடைசியில் துறைமுகத்துக்கு வந்துவிட்டது. வெளியே வரத்தான் நாற்பத்தொரு நாள் ஆயிற்று. அதில் யாரும் அவனுக்குக் கெடுதல் செய்யவில்லை. ஒவ்வொருவரும் ஒரு தாள் கேட்டார்கள். ஒவ்வொரு தாளும் சட்டப்படி கேட்க வேண்டிய தாள்தான். வியாபாரமா, சொந்த உபயோகமா? கோயிலுக்கு என்றால் கோயில் பதிவுபெற்றதா? மணிராஜ் ஊருக்கு வந்து, தூத்துக்குடியில் அறை எடுத்துத் தங்கி, பரமசிவன் அண்ணாச்சியிடம் கடிதம் வாங்கி, தீர்வை கட்டி, அலைந்தான். அந்த நாற்பத்தொரு நாளும் பெட்டிகள் தகரக் கூட்டுக்குள் சித்திரை வெயிலில் நின்றன. அக்கினி நட்சத்திரம் நடந்துகொண்டிருந்தது. ரோட்டில் தார் உருகி வண்டிச் சக்கரத்தில் ஒட்டியது.

கொடைக்கு இரண்டு நாள் முன்பு பெட்டி கைக்கு வந்தது. அறைக்குக் கொண்டுபோய்த் திறந்தான். தக்கைகள் பலவும் கழுத்துக்கு மேலே நகம் அளவு தள்ளிக்கொண்டு நின்றன. அடிப்பலகையில் கசிந்து காய்ந்த கறை. ஒன்றைத் திறந்து தம்ளரில் ஊற்றினான். நிறம் செங்கல் பொடியைக் கரைத்தது போல இருந்தது. குடித்தான். கொதித்துப் போன புளி. அதற்கு மேல் காடியின் நெடி. கிழவரின் கிண்ணத்தில் இருந்த எதுவும் இதில் இல்லை. இன்னொன்றைத் திறந்தான். பெட்டிக்கு ஒன்றாக நான்கு திறந்தான். நான்கும் அதுவே.

பாரிசுக்குப் போன் போட்டான்.

"செத்தா போவாங்க?" என்று கேட்டான் கிங்ஸ்டன்.

"சாக மாட்டாவ. புளிச்சுக் கெட்டிருக்கு. அவ்வளவுதான்."

"அப்புறம் என்ன மயித்துக்கு அழுவுத? அங்கன எவன் வைன் குடிச்சிருக்கான் சொல்லு. புளிக்கும்லேன்னு சொல்லு. வெளிநாட்டு ஐட்டம்னா இப்படித்தான்னு சொல்லு. நல்லாயிருக்குன்னு தலையாட்டிட்டுக் குடிப்பானுக."

"நல்லாயிருக்குன்னு நான்தான் சொல்லணும் கிங்ஸ்டன். கையைப் பிடிச்சுச் சொல்லணும்."

"சொல்லு. நாக்கு என்ன தேஞ்சா போவும்?"

மணிராஜ் போனை வைத்தான். மீந்த நாற்பத்து நான்கையும் கட்டி, மறுநாள் முதல் பேருந்தில் ஏறினான்.

ஊரில் பந்தல் போட்டிருந்தார்கள். வில்லுப்பாட்டுக்காரர்கள் வந்திறங்கி, குடத்தையும் வில்லையும் வேப்பமரத்தடியில் வைத்துவிட்டுக் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். பரமசிவன் ஓடி வந்து ஒரு பெட்டியைத் தன் தோளில் வாங்கினார்.

"ஏலே, சும்மா இருக்கியளே, வந்து தூக்குங்கலே! ஏழு கடல் தாண்டி வந்த சரக்கு. மணி, எப்படிவே இருந்துச்சு குடிச்சுப் பாக்கையில?"

"அங்கன குடிக்கையில நல்லா இருந்துச்சு அண்ணாச்சி."

"பொறவு? மாடன் நாக்குல்லாவே அது!"

சிரித்தார்கள். பொன்செல்வி இடுப்பில் குழந்தையோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். செத்த ஏழு பேரில் ஒருவனான இசக்கிதுரையின் மனைவி. அவன் போகும்போது குழந்தை வயிற்றில் மூன்று மாதம்.

"பிள்ளைக்கு நாலு நாளாக் காய்ச்சல் விட்டுவிட்டு அடிக்கி. ஒங்க கையால துன்னூறு பூசி விடுங்க."

"நான் பூசக் கூடாதும்மா. கோமரத்தாடிதான்—"

"அவியளுக்குக் கண்ணு போச்சு. ஒங்களத்தானே மாடன் ஒரு கீறல் இல்லாம வச்சிருக்காரு. பூசுங்க."

குழந்தையின் நெற்றி அனலாகச் சுட்டது. மணிராஜ் பூசினான்.

பூதலிங்கம் வீட்டு உள்ளறையில் பாயில் உட்கார்ந்திருந்தார். நாளை ஆட்டத்துக்கு உடுத்த வேண்டிய சல்லடமும் குல்லாயும் பக்கத்தில் மடித்து வைக்கப்பட்டிருந்தன. வயது ஐம்பத்தைந்து, கண் போன பிறகு எழுபது தோன்றியது. தம்பியின் காலடி கேட்டதும் தலையை உயர்த்தினார்.

"வந்துட்டியாலே? வடிவு, அந்தக் கதவைச் சாத்து. வெளிய ஒரே இரைச்சல். தம்பியும் நானும் முறையச் செஞ்சு முடிச்சிருதோம்."

சுடலைவடிவு இரண்டு வெண்கலக் கிண்ணங்களை வைத்துவிட்டுக் கதவருகே நின்றாள். மணிராஜ் தக்கையைத் திருகி எடுத்தான். ஊற்றினான். பூதலிங்கம் மூக்கை நீட்டி மோந்தார். கண் இல்லாதவரின் மூக்கு. அது எதையும் தவறவிடவில்லை.

"ஊறுகாய்ப் பானை மாதிரில்லா அடிக்கி" என்றார். அவர் முகத்தில் சந்தேகம் இல்லை. தெரியாததைக் கேட்டுத் தெரிந்துகொள்கிறவரின் பணிவு மட்டுமே இருந்தது. "இது இப்படித்தான் இருக்குமாலே?"

ஆமாம் என்றால் போதும். பெட்டிகள் படப்புக்குப் போகும். ஊர் முகத்தைச் சுளித்துக்கொண்டு குடிக்கும். ஒருவருக்கும் ஒன்றும் ஆகாது. அண்ணன் வலக்கையை நீட்டிக் காத்திருந்தார். மணிராஜ் அந்தக் கையைப் பிடித்தான். மூன்று ஆண்டுகளுக்கு முன்பு பிடித்த கை. அப்போது அது திடமாக இருந்தது; இப்போது தேடிப் பிடித்து, பிடித்ததை விடாமல் பற்றிக்கொண்டது.

"இல்லண்ணே. கெட்டுப்போச்சு."

சுடலைவடிவு, "என்னது!" என்றாள்.

"வெயில்ல கெடந்து கெட்டுட்டு. வெசம் இல்ல. ஆனா படப்புல வைக்கத் தக்கின பண்டம் இல்ல. அங்கன பீப்பாயில இருந்து பிடிச்சுக் குடிச்சேன், வேற மாதிரி இருந்துச்சு. நேத்தும் நாலு பாட்டில் தெறந்து குடிச்சுப் பாத்தேன். அதான் தெரியுது."

பூதலிங்கம் இடக்கையால் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார். பிறகு தலையை ஆட்டினார். "நல்லவேளை சொன்னே. வேற எவனா இருந்தா மறைச்சிருப்பான். பரமசிவன்கிட்ட நான் பேசிக்கிடுதேன். இளநி வச்சுக் கொடுப்போம், மாடன் ஏத்துக்கிடுவாரு." கையை விடாமலே தொடர்ந்தார். "ஒன் நாக்கு இவ்வளவு கூர்மைன்னு எனக்குத் தெரியாம போச்சு. ஆனா ஒண்ணு கேக்கணும்லே. அன்னைக்கு அந்தக் கேன் சரக்கையும் நீ குடிச்சேல்லா. அதுல ஒனக்கு ஒண்ணுமே தட்டுப்படலியா?"

அவர் குற்றம் சாட்டவில்லை. மூன்று ஆண்டுகளாக இருட்டில் உட்கார்ந்து யோசித்த ஒன்றைச் சாதாரணமாகக் கேட்டார். அதனாலேயே மணிராஜால் பொய் சொல்ல முடியவில்லை.

"நான் குடிக்கல."

"என்ன?"

"தேன்மொழிக்காக நேந்திருந்தேன். மண்ணுல ஊத்திட்டேன். ஒங்க கிட்ட வந்து குடிச்சேன்னு சொன்னேன்."

சுடலைவடிவு கதவில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். வெளியே யாரோ குடத்தில் தாளம் தட்டிச் சரிபார்த்தார்கள்.

பூதலிங்கம் கையை உருவிக்கொள்ளவில்லை. உருவிக்கொள்வார் என்று மணிராஜ் எதிர்பார்த்திருந்தான். அடி விழும் என்றுகூட எதிர்பார்த்தான். அண்ணனின் விரல்கள் அவன் மணிக்கட்டில் நாடி பார்ப்பது போல் கிடந்தன.

"அன்னைக்கு வாயில வச்ச ஒடனே எனக்குத் தெரிஞ்சுதுலே" என்றார் பூதலிங்கம், மிகத் தணிந்த குரலில். "ஒரு மாதிரி காட்டமா இருந்துச்சு. துப்பியிருப்பேன். மணி குடிச்சிருக்கான், நல்லாயிருக்கான்னு நெனச்சேன். முழுங்கிட்டு, பின்னால நின்னவனுக்குக் கிண்ணத்தக் கொடுத்தேன். எல்லாரும் சொல்லுதாவ, மாடன் குடிச்சாரு, மாடன் கொடுத்தாருன்னு. மாடன் இல்லலே. நீ சொன்ன சொல்லத்தான் நான் குடிச்சேன். அதத்தான் அவனுவளுக்கும் கொடுத்தேன்."

மணிராஜ் அவர் காலில் விழப் போனான். பூதலிங்கம் மணிக்கட்டை இறுக்கி நிறுத்தினார்.

"என் கால்ல விழுந்து என்னத்துக்கு? எனக்குக் கண்ணுதான் போச்சு. வடிவு, என் துண்ட எடு."

"இந்த வேளையில எங்க போறிய? நாளைக்குக் கொடை. ஊரு இவரக் கொன்னுபோடும்" என்றாள் அவள் அழுகைக்கிடையே. "கொடை முடியட்டும். யாருக்கும் தெரிய வேண்டாம். நாம மூணு பேரோட போவட்டும்."

"நாளைக்கு நான் மாடனா நின்னு அவனுவ பொண்டாட்டி பிள்ளைக்குத் துன்னூறு போடணும். இதத் தெரிஞ்சு வச்சுக்கிட்டு எப்படிட்டீ போடுவேன்?" தம்பியின் தோளைத் தடவிப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "நடலே. ஏழு வீடு. நீதான் கூட்டிட்டுப் போவணும். எனக்கு வழி தெரியாது."

வாசலில் பரமசிவன் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தார். "என்னவே, அண்ணனும் தம்பியும் அதுக்குள்ள கெளம்பிட்டிய? சரக்கு எப்படி?" என்று கேட்டார். பூதலிங்கம், "வந்து சொல்லுதேன் பரமசிவா, அதுவரை தொட வேண்டாம்" என்று சொல்லிவிட்டு நடந்தார். வெயில் இன்னும் இறங்கவில்லை. மணிராஜின் தோளில் கை பாரமாக இருந்தது. ஒவ்வொரு மேடு பள்ளத்துக்கும் அழுந்தியது. எதிரே வந்தவர்கள் ஒதுங்கிக் கும்பிட்டார்கள். அவர்கள் முன்னால் இன்னும் எவ்வளவு நேரம் இப்படி நடக்க முடியும் என்று மணிராஜ் கணக்கிடவில்லை. கால்கள் போய்க்கொண்டிருந்தன.

அருகில் இருந்தது பொன்செல்வியின் வீடு. அவள் மாவிளக்குக்கு அரிசி இடித்துக்கொண்டிருந்தாள். குழந்தை பாயில் தூங்கியது. இருவரையும் கண்டதும் உலக்கையைச் சுவரில் சாய்த்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்தாள்.

"வாங்க, வாங்க. காய்ச்சல் எறங்கிட்டு பாத்துக்கிடுங்க. நீங்க பூசிவிட்ட பொறவு வேர்த்துக் கொட்டிட்டு" என்றாள், முகம் மலர.

பூதலிங்கம் தம்பியின் தோளிலிருந்து கையை எடுத்தார். பக்கத்தில் எதையும் பிடித்துக்கொள்ளாமல், தனியாக, சற்றே ஆடிக்கொண்டு நின்றார்.

"சொல்லு" என்றார்.